பெக்காம் சொத்து: ஆடி சம்பாதிச்சதா, ஆடி முடிச்சப்புறம் வந்ததா?

ஹாஃப்டைம்_ஹரி:

ரொம்ப நாளா இருக்கற சந்தேகம், கால்பந்துல பிசினஸ் பக்கத்தை ஃபாலோ பண்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. டேவிட் பெக்காம் 2013 மே மாசமே பாரிஸ் க்ளப் பிஎஸ்ஜில ஆடி முடிச்சு ரிட்டயர் ஆயிட்டாரு. ஆனா சொத்துக் கணக்கு மட்டும் வருஷா வருஷம் ஏறிட்டே போகுது, 2025 சண்டே டைம்ஸ் பணக்காரர் பட்டியல்ல அவருக்கும் விக்டோரியாவுக்கும் சேர்த்து 500 மில்லியன் பவுண்டுன்னு போட்டிருந்தாங்க. கூடவே வளர்ந்த கிக்ஸும் ஸ்கோல்ஸும் மான்செஸ்டர் யுனைடெட்ல இவரை விட ரொம்ப வருஷம் ஆடினவங்க, லீக் பட்டமும் அவங்ககிட்டதான் அதிகம். அவங்களும் வசதியாத்தான் இருப்பாங்க, ஆனா இந்த லெவல் இல்லையே.

சம்பளத்தை மிச்சம் பிடிச்சே இவ்வளவு சேர்க்க முடியுமா? இல்ல எல்லாமே ஷூ, ஜட்டி, சென்ட்டு விளம்பரக் காசா? அப்புறம் அந்த மயாமி டீமை வெறும் 25 மில்லியன் டாலருக்கு வாங்கினாருன்னு ஒரு கதை சுத்துதே, அது நிஜமா? அந்தக் காசுக்கு இன்னைக்கு ஐரோப்பாவுல ஒரு சுமாரான ஸ்ட்ரைக்கரைத்தான் வாங்க முடியும், முழு டீமை எவன் குடுப்பான்?

"ஆளு அழகா இருந்தாரு, சம்சாரம் பாப் ஸ்டாரு"ன்னு ஒத்தை வரில முடிச்சுடாதீங்க ப்ளீஸ்.


லெஃப்ட்பேக்_லோகு:

25 மில்லியன் கதை நிஜம்தான் ஹரி. ஆனா அது கதையா சுத்தும்போது பாதிதான் சுத்துது, மீதி பாதிலதான் விஷயமே இருக்கு.

2007 ஜனவரில பெக்காம் ரியல் மாட்ரிட்ல இருக்கும்போதே அமெரிக்க டீம் எல்ஏ கேலக்ஸிக்குப் போறேன்னு அறிவிச்சாரு. மறுநாள் பேப்பர் பூரா அஞ்சு வருஷத்துக்கு 250 மில்லியன் டாலர்னு ஒரே கத்தல். அது சம்பளமே இல்ல. விளம்பரம், ஜெர்சி விற்பனைல பங்கு, அது இதுன்னு வரக்கூடிய எல்லாத்தையும் மொத்தமா கூட்டி தலைப்பு போட்டுட்டாங்க. வீரர்கள் சங்கம் வெளியிட்ட பட்டியல்ல அவரோட சம்பளம் வருஷத்துக்கு 6.5 மில்லியன் டாலர், அவ்வளவுதான். அதுவே அந்த லீக்குக்கு எவ்வளவு பெரிய விஷயம்னா, அந்த வருஷம் ஒரு டீமோட மொத்த சம்பள உச்சவரம்பே 2.1 மில்லியன் கிட்டதான், அதே லீக்ல வருஷத்துக்கு 12,900 டாலர் வாங்கிட்டு ஆடின பசங்களும் இருந்தாங்க. ஒரு வருஷத்துக்கு. உச்சவரம்புக்குள்ள இவரை அடக்கவே முடியாதுன்னு புதுசா ஒரு விதி கொண்டு வந்தாங்க, ஒரு டீம் ஒரு ஸ்டாரை வரம்புக்கு வெளிய சம்பளம் குடுத்து எடுத்துக்கலாம், வரம்புக் கணக்குல அவருக்கு 4 லட்சம் டாலர் மட்டும்தான் ஏறும்னு. இன்னைக்கும் அதை பெக்காம் ரூல்னுதான் சொல்றாங்க.

ஆனா மாட்ரிட்ல வாங்கினதை விட்டுட்டு அமெரிக்கா போறவருக்கு ஈடு கட்ட லீக் கையில அவ்வளவு காசு இல்ல. அதனால காசா குடுக்க முடியாததை காகிதத்துல குடுத்தாங்க. ஆடி முடிச்சப்புறம் எம்எல்எஸ்ல, அதாவது அந்த அமெரிக்க லீக்ல, ஒரு புது டீம் தொடங்கணும்னா நியூயார்க் தவிர எந்த ஊர்ல வேணா தொடங்கிக்கோ, நுழைவுக் கட்டணம் 25 மில்லியன்தான்னு கான்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து. வாங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, வேணும்னா அந்த விலைக்கு வாங்கிக்கலாம், எப்ப வாங்கினாலும் அதே விலை.

இப்ப படிக்கும்போது லீக்காரங்க ஏமாந்துட்டாங்கன்னு தோணும். ஆனா அன்னைக்கு நிலவரத்துல அது தள்ளுபடி விலையே இல்ல! 2007ல புதுசா உள்ள வந்த டொராண்டோ கட்டினது 10 மில்லியன். அடுத்த வருஷம் சான் ஹோஸே 20. அதாவது அந்த நேரத்துல மார்க்கெட் விலையை விட அதிகமா ஒரு தொகையை எழுதிக் குடுத்துட்டு, பெரிய மனசு பண்ணின மாதிரி லீக் கைகழுவிடுச்சு. பெக்காமும் அவரோட மேனேஜர் சைமன் ஃபுல்லரும் கையெழுத்து போட்டாங்க. அந்த லீக் வளரும்னு நம்பினவனுக்கு மட்டும்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

அப்புறம் விலை போன போக்கைப் பாரு. புது டீமுங்க கட்டினது, 2013ல நியூயார்க் சிட்டி 100 மில்லியன். எல்ஏஎஃப்சி 110. 2019ல ஷார்லட் 325. 2023ல சான் டியேகோ 500. இவரு விலை மட்டும் 25ல நின்னுட்டிருந்துச்சு. 2014 பிப்ரவரில மயாமில மேடை போட்டு நான் ஆப்ஷனை எடுத்துக்கறேன்னு சொன்னாரு.

அதனால உன் கேள்விக்கு என் பதில், சம்பளம் இல்ல, விளம்பரமும் பாதிதான். மிச்சம் பூரா அந்த ஒரு ஷரத்து. 2024லயே ஃபோர்ப்ஸ் கணக்குல இன்டர் மயாமி மதிப்பு 1 பில்லியன் டாலரைத் தாண்டிடுச்சு.


ஆட்டநேரம்_90ப்ளஸ்:

இதுல எல்லாரும் விட்டுடற ஒரு விஷயம், 2007ல அந்த ஷரத்தை அவர் கான்ட்ராக்ட்ல வாங்கினப்போ பெரும்பாலான பேரு அவரோட ஆட்டம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதிட்டிருந்தாங்க. கேலக்ஸி அறிவிப்பு வந்ததும் மாட்ரிட் கோச் கபெல்லோ இனி இவர் எனக்கு ஆட மாட்டாருன்னு பெஞ்சுல கூட உட்கார வைக்கல. ஒரு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டு ஆட வச்சு, கடைசி நாள் மேட்ச்ல ஸ்பெயின் லீக்கான லா லிகாவை ஜெயிச்சாங்க. அப்போ மாட்ரிட்காரங்களுக்கே விட மனசில்ல, ஆனா கான்ட்ராக்ட் எல்ஏ கையில.


ஸ்கோர்ஷீட்:

லோகு சொன்னது சரி, ஆனா "அந்த ஒரு ஷரத்து"ன்னு சொல்லி 2014லருந்து 2023 வரைக்கும் நடந்ததை அப்படியே தாண்டிட்டாரு. அந்த ஒம்பது வருஷம் ஒண்ணும் ராஜபாட்டை இல்ல.

மேடை போட்டு அறிவிச்சாச்சு, ஸ்டேடியத்துக்கு இடம்? துறைமுகத்துல கேட்டாங்க, முடியாதுன்னுட்டாங்க. கடலோரத்துல ஒரு இடம் பார்த்தாங்க, அதுவும் போச்சு. பேஸ்பால் ஸ்டேடியம் பக்கத்துல, அப்புறம் ஓவர்டவுன்ங்கற பகுதில, எதுவும் கைகூடல. லீக் அதிகாரப்பூர்வமா டீமைக் குடுத்ததே 2018 ஜனவரில. அதுவும் எப்ப குடுத்தான்? ஜார்ஜ் மாஸ், ஹோஸே மாஸ்னு மயாமிலயே கட்டுமானத் தொழில்ல பெரிய புள்ளிகளான அண்ணன் தம்பி உள்ள வந்தப்புறம்தான். அந்த வருஷம் நவம்பர்ல கோல்ஃப் மைதானத்துல ஸ்டேடியம் கட்டலாமான்னு ஊர் மக்கள்கிட்ட ஓட்டுக்கே விட வேண்டியதாச்சு. ஜெயிச்சது என்னவோ உண்மை, ஆனா டீம் ஆட ஆரம்பிச்சது பக்கத்துல ஃபோர்ட் லாடர்டேல்ல, 2020ல. முதல் அஞ்சு மேட்சும் தோல்வி, கூடவே கோவிட். பேருல இருக்கற "இன்டர்"ங்கற சொல்லுக்கு மிலான்ல இருக்கற இன்டர்காரங்க வேற வழக்கு.

அடுத்த வருஷம் இன்னொரு கூத்து. பிளேஸ் மட்டுய்டிங்கற ப்ளேயரை சம்பள வரம்புக்குள்ள எடுத்ததா கணக்கு காட்டியிருந்தாங்க, லீக் தோண்டிப் பார்த்தா அவரு வரம்புக்கு வெளிய உள்ள சம்பளம். டீமுக்கு 2 மில்லியன் டாலர் அபராதம், ஜார்ஜ் மாஸுக்குத் தனியா இரண்டரை லட்சம். பெக்காம் பேருல அபராதம் இல்ல, ஆனா அவரோட டீம்தானே. அதே 2021ல பழைய பார்ட்னர்கள் மார்செலோ க்ளாரேயும் சாஃப்ட்பேங்க் மசயோஷி சன்னும் இருந்த பங்கை மாஸ் சகோதரர்களும் பெக்காமும் சேர்ந்து வாங்கினாங்க.

இந்த இடத்துல கவனிக்க வேண்டியது, 25 மில்லியன்ங்கறது உள்ள நுழையற டிக்கெட் காசு மட்டும்தான். அப்புறம் ஸ்டேடியம், பயிற்சி மைதானம், அகாடமி, வருஷா வருஷம் நஷ்டம், எல்லாத்துக்கும் கொட்டினது நூத்துக்கணக்கான மில்லியன். அதுல பெரும்பங்கு மாஸ் குடும்பத்தோடது. அதனால டீம் மதிப்பு ஒரு பில்லியன்னா பெக்காம்கிட்ட ஒரு பில்லியன்னு கணக்கு போடக்கூடாது. அவருக்கு இருக்கறது ஒரு பங்கு. அதுவும் வித்தாதான் காசு, வைக்கற வரைக்கும் தாள்.

பணக்காரர் பட்டியலும் இதே லட்சணம்தான். வெளிய தெரியற கம்பெனிக் கணக்கு, பங்கு மதிப்பு, வீடு இதெல்லாம் வச்சு போடற மதிப்பீடு. "இவர் நெட் வொர்த் இவ்வளவு"ன்னு தேடினா வர்ற சைட்டுங்க இருக்கே, அதைப் பத்தி பேசவே வேணாம், ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் காப்பி அடிச்சு மேல கொஞ்சம் ஏத்திப் போடுவான்.

தொட்டதெல்லாம் பொன்னாச்சுன்னும் இல்ல. கில்டு ஈஸ்போர்ட்ஸ்னு வீடியோ கேம் போட்டி நடத்தற டீமுங்களை வச்சிருந்த ஒரு கம்பெனி, 2020ல லண்டன் பங்குச் சந்தைல இவரு முகத்தை வச்சுதான் இறங்குச்சு. பங்கு விலை தரைக்கு வந்து அதுல காசு போட்டவங்க கதை கந்தல். விக்டோரியாவோட ஃபேஷன் கம்பெனி வருஷக்கணக்கா நஷ்டத்துல ஓடி, லாபம்னு எட்டிப் பார்த்ததே 2022ல. கத்தார் 2022 உலகக் கோப்பைக்கு தூதரா போனதுல பணம் வந்திருக்கும், ஆனா வாங்கிக் கட்டிக்கிட்டதும் கொஞ்சநஞ்சம் இல்ல.


லெஃப்ட்பேக்_லோகு:

ஸ்கோர்ஷீட், நீங்க சொல்றது எல்லாம் ஒத்துக்கறேன், மாஸ் காசு இல்லாம டீம் நின்னிருக்காது. ஆனா மாஸ் காசு ஏன் வந்துச்சு? மயாமில டீம் தொடங்கற உரிமை பெக்காம் பாக்கெட்ல இருந்துச்சு, அதுவும் 25க்கு. காசு இருக்கறவன் உரிமை இருக்கறவன்கிட்டதான் வந்தாகணும். அந்தத் தாள் இல்லைன்னா அவரு பார்ட்னர் இல்ல, திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டற ஆளு, அதுக்கு ஒரு ஃபீஸ், கதை முடிஞ்சுது.

மெஸ்ஸி விஷயமும் அப்படித்தான். 2023 ஜூலைல மெஸ்ஸி வந்தப்போ டீம் கிழக்குப் பிரிவுல கடைசி இடம். முதல் மேட்ச் மெக்சிகோ டீம் க்ரூஸ் அஸூல் கூட, 1-1, இஞ்சுரி டைம், பாக்ஸுக்கு வெளிய ஃப்ரீகிக். மெஸ்ஸி இடது காலால மேல் மூலைல போட்டாரு. கேமரா நேரா கேலரிக்குப் போச்சு, பெக்காம் கண்ணு கலங்கி நிக்கறாரு. சென்டிமென்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நிமிஷத்துல அவரு பங்கோட மதிப்பு என்ன ஆயிருக்கும்னுதான் எனக்குத் தோணுச்சு!! லீக்ஸ் கப் அந்த வருஷமே வந்துச்சு, 2024ல லீக்ல அதிக பாயிண்ட் எடுக்கற டீமுக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு, 2025ல எம்எல்எஸ் கப்.


ஹாஃப்டைம்_ஹரி:

ரெண்டு பேருக்கும் நன்றி, நான் நினைச்சதை விட சுவாரசியமா போகுது. சரி, டீம் ஒரு பக்கம். அந்த விளம்பர பக்கம்? அதுல ஆடும்போது வந்தது எவ்வளவு, அதை எப்படி இன்னைக்கு வரைக்கும் ஓட்டறாங்க? நாப்பது வயசு தாண்டின, ரிட்டயர் ஆன ப்ளேயர் மூஞ்சிக்கு யாரு காசு குடுக்கறா?


நடுக்களம்_நளினி:

விளம்பரத்துலயும் காசு வாங்கறவனா இருக்கறது வேற, சொந்தக்காரனா இருக்கறது வேற, ஹரி. பெக்காம் ரெண்டையும் வேற வேற வயசுல பண்ணினாரு.

2002ல யுனைடெட் கூட புது கான்ட்ராக்ட் போட்டப்போ வாரத்துக்கு 70,000 பவுண்ட் சம்பளம், அதுக்கு மேல 20,000 பவுண்ட் தனியா இமேஜ் ரைட்ஸுக்குன்னு செய்தி வந்துச்சு. அதாவது கால் வேலைக்கு ஒரு காசு, மூஞ்சிக்கும் பேருக்கும் ஒரு காசு. இமேஜ் ரைட்ஸ்னா வீரரோட படம், பேரு, கையெழுத்து இதையெல்லாம் வியாபாரத்துக்கு பயன்படுத்தற உரிமை. அதை வீரர் ஒரு கம்பெனி பேர்ல வச்சுக்குவாரு, க்ளப் அந்தக் கம்பெனிக்கு காசு குடுக்கும். தனிநபர் வரியை விட கம்பெனி வரி கம்மி, அதனால எல்லா பெரிய ப்ளேயரும் இதைப் பண்றாங்க, வரி அதிகாரிகளும் உத்துப் பார்த்துட்டே இருக்காங்க. 2003ல ரியல் மாட்ரிட் இவரை வாங்கினப்போ இமேஜ் ரைட்ஸ்ல பாதி க்ளப்புக்குன்னு பேசி முடிச்சாங்க. மாட்ரிட் கணக்கு போட்டது அதுலதான், ஆசியா பூரா அந்த 23 நம்பர் ஜெர்சி போன போக்கு ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். (ஸ்பெயின்ல வெளிநாட்டு ஆளுங்களுக்கு 24 சதவீத வரின்னு 2005ல வந்த சட்டத்துக்கே பெக்காம் சட்டம்னு பேரு ஒட்டிக்கிச்சு. 2015லருந்து விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அது கிடையாதுன்னு எடுத்துட்டாங்க. ஒரு ஆளு பேர்ல அமெரிக்காவுல ஒரு விதி, ஸ்பெயின்ல ஒரு சட்டம், இது வேற யாருக்கும் அமைஞ்ச மாதிரி தெரியல.)

அடிடாஸ் கூட 2003ல வாழ்நாள் ஒப்பந்தம், 160 மில்லியன் டாலர்னு அப்போ எழுதினாங்க. பெப்சி, ஜில்லெட், வோடஃபோன், போலீஸ் கண்ணாடி, ரிட்டயர் ஆகற நேரத்துல எச்அண்ட்எம் உள்ளாடை. இது வரைக்கும் மத்த ஸ்டாருங்க பண்றதுதான்.

மாறினது அப்புறம். 2019ல சைமன் ஃபுல்லர்கிட்ட இருந்த பங்கை வாங்கி தன் பேரு மொத்தமும் தன் கைக்கு வர்ற மாதிரி பண்ணிக்கிட்டாரு. 2022ல அந்த பேரை வச்சிருக்கற டிபி வென்ச்சர்ஸ் கம்பெனில 55 சதவீதத்தை அத்தென்டிக் பிராண்ட்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனிக்கு வித்தாரு, விலை 200 மில்லியன் பவுண்ட் அளவுன்னு செய்தி. யாருன்னா எல்விஸ் பிரெஸ்லி, முகமது அலி பேரையெல்லாம் வாங்கி வச்சிருக்கறவங்க. இறந்து போனவங்க பேர்லயே வருஷா வருஷம் வியாபாரம் நடத்தறவங்களுக்கு, உயிரோட இருந்து கோட்டு சூட்டு போட்டுட்டு விழாவுக்கு வர்ற ஆளு கிடைச்சா விடுவாங்களா. "ரிட்டயர் ஆன ப்ளேயர் மூஞ்சிக்கு யாரு காசு குடுக்கறா"ன்னு கேட்டியே, இவங்கதான். காசுல ஒரு பகுதிக்கு அந்த கம்பெனிலயே பங்கு வாங்கிக்கிட்டாரு வேற.

லோகு மாதிரி மயாமி ஷரத்து மட்டும்தான்னு நான் சொல்ல மாட்டேன். மயாமி தாள்ல இருக்கற சொத்து, இது பேங்க்ல விழுந்த காசு.


பழையபூட்ஸ்:

எல்லாரும் காகிதத்தைப் பத்தியே பேசறீங்க, ஆட்டத்தையும் கொஞ்சம் பேசலாமே. அந்த பேருக்கு மதிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

1996 ஆகஸ்ட் 17, சீசன் முதல் நாள், விம்பிள்டன் கூட. 21 வயசுப் பையன், நடுக்கோட்டுக்கு தன் பக்கத்துலருந்தே தூக்கி அடிச்சான், கோல்கீப்பர் நீல் சல்லிவன் பின்னாடி பின்னாடி ஓடிப் பார்த்தும் தலைக்கு மேல போயி வலைல விழுந்துச்சு. போட்டிருந்த பூட்ஸ்ல "சார்லி"ன்னு வேற யாரோ பேரு தைச்சிருந்துச்சு, ரேஞ்சர்ஸ் ப்ளேயர் ஒருத்தருக்காக அடிடாஸ் செஞ்சது கைமாறி வந்தது. அன்னைக்கு தன் பேரு போட்ட பூட்ஸ் கூட இல்ல.

1998 உலகக் கோப்பைல அர்ஜென்டினா மேட்ச்ல அவங்க ப்ளேயர் சிமியோனியை காலால தட்டி சிவப்பு அட்டை. ஊருக்குத் திரும்பினா உருவ பொம்மையை தூக்குல தொங்க விட்டிருக்காங்க. அடுத்த சீசன் எந்த மைதானத்துக்குப் போனாலும் கூச்சல், அந்த சீசன்லதான் யுனைடெட் லீக், எஃப்ஏ கப், சாம்பியன்ஸ் லீக்னு மூணு கோப்பையும் அடிச்சுது, பார்சிலோனா கேம்ப் நூ மைதானத்துல பேயர்ன் மியூனிக் கூட சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல கடைசி நிமிஷத்து ரெண்டு கோலும் இவரு போட்ட கார்னர்ல இருந்து வந்தது. 2001 அக்டோபர்ல கிரீஸ் கூட ஓல்டு ட்ராஃபோர்டுல, 2-1 பின்னாடி, 93வது நிமிஷம். அதுக்கு முன்னாடி அதே மேட்ச்ல எத்தனையோ ஃப்ரீகிக்கை வீணடிச்சிருந்தாரு, ஷெரிங்ஹாம் கூட நான் அடிக்கறேன்னு வந்தாரு, குடுக்கல. அடிச்சாரு, இங்கிலாந்து உலகக் கோப்பைக்குப் போச்சு.

115 மேட்ச் இங்கிலாந்துக்கு, அதுல 59 கேப்டனா, நாலு நாட்டுல லீக் பட்டம். அழகா இருந்ததால மட்டும் வந்த பேரா இது? கடைசியா பிஎஸ்ஜில வாங்கின சம்பளத்தை பாரிஸ்ல குழந்தைகள் நல நிதிக்கே குடுத்துட்டாரு, அந்த நிலைமைல சம்பளம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லைங்கறதும் உண்மை, ஆனா ஆடணும்னு வந்தாரு பாருங்க.

அப்பா கிச்சன் ஃபிட்டிங் வேலை, அம்மா முடி திருத்தற வேலை. வசதியான வீட்டுப் பையன் கிடையாது.


ஸ்கோர்ஷீட்:

பூட்ஸ் சார், ஆட்டத்தை யாரும் குறை சொல்லல. ஆனா ஆட்டம் மட்டும் போதும்னா டேவிட் ஜேம்ஸ் ஏன் அப்படி ஆனாரு? லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, போர்ட்ஸ்மத், இங்கிலாந்துக்கு 53 மேட்ச் கோல்கீப்பர். 2014ல திவால். ஜெர்சி, மெடல் மட்டுமில்ல, பழைய ராலே சைக்கிள் வரைக்கும் ஏலத்துக்கு வந்துச்சு. அதே வருஷம் கேரளா பிளாஸ்டர்ஸ்ல ஆடிக்கிட்டே கோச்சாவும் இருந்து ஐஎஸ்எல் ஃபைனல் வரைக்கும் கொண்டு போனாரு, அது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். விவாகரத்து ஒரு பெரிய காரணம்னு அப்போ சொன்னாங்க.

வேற சிலருக்கு சினிமா தயாரிப்புல முதலீடு பண்ணினா வரி மிச்சம்னு ஆலோசகருங்க தலையாட்டி சேர்த்து விட்டாங்க, வருஷங்கள் கழிச்சு வரித்துறை அந்தச் சலுகை செல்லாதுன்னு நோட்டீஸ் அனுப்புச்சு. அதுக்குள்ள ரிட்டயர் ஆயாச்சு, வருமானம் நின்னாச்சு, வரி மட்டும் வட்டியோட வந்து நிக்குது. நிறைய கால்பந்து வீரர்கள் மாட்டினது இந்த இடத்துலதான், சூதாட்டம் கார்னு நாம நினைக்கறதுல மட்டும் இல்ல. 35 வயசுல சம்பளம் நின்னுடும், 25 வயசுல போட்ட கையெழுத்து நிக்காது.


நடுக்களம்_நளினி:

பெக்காம் மாதிரி மூஞ்சியை வச்சு பண்ணாதவங்களும் இருக்காங்க. ராபி ஃபவுலர், லிவர்பூல். ஆடும்போதே வீடு வீடா வாங்கிப் போட்டாரு, பெரிய பங்களா இல்ல, ஓல்டம் பக்கம் வாடகைக்கு விடற சாதாரண வரிசை வீடுங்க. ரசிகர்கள் "நாம எல்லாரும் ஃபவுலர் வீட்டுலதான் குடியிருக்கோம்"ங்கற மாதிரி பாட்டு கட்டிப் பாடுவாங்க.

எனக்குப் பிடிச்சது டேவ் வீலன் கதை. பிளாக்பர்ன் டிஃபெண்டர், 1960 எஃப்ஏ கப் ஃபைனல்ல கால் உடைஞ்சுது, மேல் மட்டத்துல ஆட்டம் கிட்டத்தட்ட அதோட சரி. அந்தக் காலத்துல இங்கிலாந்துல வீரர்களுக்கு சம்பள உச்சவரம்பு வாரத்துக்கு 20 பவுண்ட், 1961லதான் எடுத்தாங்க, எடுத்த கையோட ஃபுல்ஹாம்ல ஜானி ஹெய்ன்ஸுக்கு 100 பவுண்ட் ஆச்சு. வீலனுக்கு அதுவும் கிடைக்கல, 400 பவுண்ட் நஷ்ட ஈடு. அதை வச்சு பிளாக்பர்ன் சந்தைல கடை போட்டு, சூப்பர் மார்க்கெட் ஆக்கி, அதை வித்து, விகன்ல ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கடையை வாங்கி ஜேஜேபி ஸ்போர்ட்ஸ்னு நாடு பூரா விரிச்சாரு. 1995ல விகன் அத்லெடிக் டீமையே வாங்கினாரு. 2013ல அதே எஃப்ஏ கப்பை அந்த டீம் ஜெயிச்சுது, மான்செஸ்டர் சிட்டியைத் தோக்கடிச்சு.


லெஃப்ட்பேக்_லோகு:

வீலன் கதைக்கு லைக். ஆனா நளினி, அவரு கால்பந்து வீரரா சம்பாதிச்ச பணக்காரர் இல்ல, வியாபாரி. பெக்காம் விஷயத்துல சுவாரசியமே என்னன்னா கால்பந்துக்குள்ளயே இருந்துட்டு சம்பாதிச்சது. இங்கிலாந்துலயும் விடல, பழைய யுனைடெட் கூட்டாளிங்க சால்ஃபோர்டு சிட்டின்னு சின்ன டீமை 2014ல வாங்கினாங்களே, அதுல 2019ல இவரும் 10 சதவீதம் சேர்ந்தாரு, 2025ல கேரி நெவிலும் இவரும் வேற பார்ட்னருங்களோட மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. அதுல லாபம் வரும்னு நான் நம்பல, அது ஆசைக்கு.


ஹாஃப்டைம்_ஹரி:

கடைசியா ஒண்ணு. மெஸ்ஸிக்கும் இதே மாதிரி ஏதோ ஷரத்து இருக்காமே? அப்புறம் இந்த சம்பளம், கம்பெனி கணக்கு எல்லாம் நானே எங்க பார்க்கறது, நெட் வொர்த் சைட் வேணாம்னுட்டீங்களே.


ஸ்கோர்ஷீட்:

மெஸ்ஸிக்கு இன்டர் மயாமிலயே பங்கு வாங்கிக்கற ஆப்ஷன் இருக்கறதா வந்தப்பவே செய்தி, கூடவே எம்எல்எஸ் மேட்ச் காட்டற ஆப்பிளோட சந்தா வருமானத்துலயும் அடிடாஸ் விற்பனைலயும் பங்கு. 2007 கான்ட்ராக்டை யாரோ நல்லா படிச்சிருக்காங்க.

எம்எல்எஸ் சம்பளம் வேணும்னா வீரர்கள் சங்கத்தோட சைட்டுக்குப் போ, ஒவ்வொரு ஆளுக்கும் அடிப்படைச் சம்பளம், உறுதியான மொத்தத் தொகை ரெண்டும் தனித்தனியா போட்டிருப்பாங்க, மெஸ்ஸிக்கு 2023ல 20 மில்லியன் டாலர் சொச்சம். பேப்பர்ல வர்ற தலைப்புத் தொகையையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இங்கிலாந்து கம்பெனின்னா அந்த நாட்டு அரசாங்கத்தோட கம்பெனிப் பதிவேடான கம்பெனிஸ் ஹவுஸ் சைட், காசு கிடையாது, டிபி வென்ச்சர்ஸ்னு தேடினா ஒவ்வொரு வருஷத்து கணக்கும் பிடிஎஃப்பா இருக்கும். முதல் பக்கம் பூரா பெருமைப் பேச்சு, அதைத் தள்ளிட்டு டிவிடெண்ட், அதாவது சொந்தக்காரங்க லாபத்துலருந்து எடுத்துக்கற பங்கு, எவ்வளவு எடுத்தாங்கங்கற வரிக்குப் போ.